சுவிட்ச் இருந்தால் டிக்

பகல் பன்னிரண்டு இருபது. காலை ஷிப்டுப் பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மதிய ஷிப்டுக்காரர்களான நாம் வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தோம். முதலில் கண்ணில் பட்டது ஒரு கைவண்டி. அதன் மேல் நீலத் தார்ப்பாய், தார்ப்பாயைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிறு. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது தார்ப்பாய் விலகியது. உள்ளே இரண்டு அட்டைப்பெட்டிகள். பெரிய பெட்டியின் பக்கவாட்டில் மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி அச்சடித்திருந்தது. பெட்டியைத் தலைகீழாக ஏற்றியிருந்ததால் அம்புக்குறி சேற்றைக் காட்டியது.

நம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். நாம் எட்டாம் வகுப்பு, மாதம் ஜூலை.

பள்ளியின் ஆண்டு மலருக்கு நம் வகுப்பின் சார்பில் ஒரு பக்கம் வருகிறது என்று சொல்லி, அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க எனக்கு அனுப்பியிருந்தீர்கள். தலைப்பு, ‘தொழில்நுட்பக் கல்வியில் முன்னோடி.’ கீழே பழைய படம்: தலைமையாசிரியர், கம்ப்யூட்டரை வாங்கித் தந்த நன்கொடையாளர், ரிப்பன், மேசை. கம்ப்யூட்டரின் திரை கறுப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நான் சரி என்று கையெழுத்துப் போடக்கூடிய விஷயம் அந்தக் கறுப்பு ஒன்றுதான். மீதியைத் திருத்தப் பேனாவின் மை போதாது. ஆகவே தனியாக எழுதுகிறேன்.

இரண்டாம் மாடியில் தையல் அறைக்கு அடுத்தது விளையாட்டுச் சாமான் அறை. கம்ப்யூட்டருக்காக அதைக் காலி செய்தார்கள். கேரம் போர்டுகள் மாடிப்படிக்கு அடியில் போயின. லேஜிம்களையும் அங்கேயே குவித்தார்கள். மரக் கைப்பிடி, இரும்புச் சங்கிலி, சங்கிலியில் தகடுகள். சுதந்திர தினத்துக்குக் குனிந்து நிமிர்ந்து ஆட்டினால் மைதானம் முழுக்க ஜல்ஜல் என்று கேட்குமே, அவைதான். அந்த மழைக்காலத்தில் அத்தனையும் துருப்பிடித்தன. அதன் பிறகு நம் பள்ளியில் யாரும் லேஜிம் ஆடி நான் பார்க்கவில்லை.

அறைக்கு வெள்ளை அடித்து, தரையில் வினைல் விரித்தார்கள். புது வினைலின் வாசனை தலையை வலிக்கச் செய்யும். திறப்பு விழா அன்று நன்கொடையாளரோடு வந்த அவருடைய ஆபீஸ் மேனேஜர் கம்ப்யூட்டரை ஆன் செய்தார். உள்ளே ஒரு விசிறி சுற்றும் சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மேனேஜர் ஆங்கிலத்தில் பள்ளியின் பெயரைத் தட்டினார். நாம் கைதட்டினோம். அவர் அதை அணைத்தார். தலைமையாசிரியர் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் தையல் டீச்சர் அதற்கு ஓர் உறை தைத்தார். நீல சேட்டின் துணி, ஓரத்தில் ஃப்ரில், முன்பக்கம் ரோஸ் நூலில் தாமரை. நாம் யாரும் உறை என்று சொல்லமாட்டோம், கவர் என்போம். கூரை ஒழுகியதால் கவருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். நாம் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனோம் என்றால் உண்மையில் இந்த இரண்டு கவர்களையும் பார்க்கப் போனோம் என்றுதான் பொருள். காலணியை வெளியே விடவேண்டும். ஈரக் காலுறையோடு சுவரை ஒட்டி வரிசையாக நிற்கவேண்டும். அறிவியல் ஆசிரியர் ஒரு மூலையை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

“சார், ஆன் பண்ணுங்க சார்.”

“வோல்டேஜ் சரியில்லைடா.”

“எப்ப சார் சரியாகும்?”

“ஸ்டெபிலைசர் வந்ததும்.”

ஸ்டெபிலைசர் வரவில்லை. தலைமையாசிரியரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த சந்துகளில் பட்டறைகள் மோட்டாரைப் போட்டால் நம் வகுப்பின் டியூப்லைட் மங்கும். மோட்டாரை அணைத்தால் பளிச்சென்று எரியும். கம்ப்யூட்டர் எரிந்துபோனால் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் கவலைப்பட்டார். எரியாமல் பாதுகாப்பதற்கு ஒரே வழி அதைப் போடாமல் இருப்பது என்ற முடிவுக்கு வந்தார். அதைப் பாதுகாத்தும் விட்டார்.

கம்ப்யூட்டர் பாடம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். நடந்த இடம் நம் வகுப்பறை. நடந்த விதம் டிக்டேஷன். ‘கம்ப்யூட்டர் களைப்படைவதில்லை. அதற்கு ஓய்வு தேவையில்லை.’ நோட்டில் எழுதி அடிக்கோடிட்டோம். மாடியில் அது ஜூலை முதல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. படம் வரைந்து பாகங்களைக் குறித்தோம். அரையாண்டுத் தேர்வில் அதற்கு மார்க் உண்டு. நம் வகுப்பில் யாரும் தோற்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தலைமையாசிரியர் அறையைத் திறந்தார். கவர்களைக் கழற்றி, திரையின் கண்ணாடியில் மூன்று விரலால் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே செவ்வந்திச் சரம் போட்டார்கள். சுண்டல் கொடுத்தார்கள். சந்தனம் காயுமுன் கவரை மாட்டிப் பூட்டினார்கள்.

அப்போது தொழில்நுட்பம் என்றால் நாம் என்ன நினைத்தோம்? யோசித்துப் பார்த்திருக்கிறேன். காலணி கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டியது, தொடக்கூடாதது, பூட்டு போட்டது. நம் வீடுகளில் தையல் மெஷின் ஓடியது. எதிர் வீட்டில் பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் ஓடியது. அதன் நாற்றத்தில்தான் சாப்பிட்டோம். அவை எதையும் அந்தச் சொல்லோடு நாம் சேர்த்ததில்லை. போன மாதம் என் அண்ணன் மகளிடம் கேட்டேன். செம்பூரில் பெரிய பள்ளியில் படிக்கிறாள். “டெக்னாலஜியா? ஆப் தான் அத்தை, வேற என்ன” என்றாள். நம்மைவிட ஒரு அடி கூட நகரவில்லை. சாவி மட்டும் அவள் கையில் இருக்கிறது.

இனி என் பெஞ்சுக்காரி. உங்களில் பாதிப்பேர் அவளைப் பட்டப்பெயரில்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அவள் அப்பாவின் பட்டறை பள்ளிக்குப் பின்சந்தில் இருந்தது. தோல் பைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் பக்கிள் அடிக்கும் பட்டறை. ஒரு கைப்பிரஸ்: கனத்த இரும்பு உடம்பு, மேலே குறுக்கே ஒரு கம்பி, கம்பியின் இரு முனையிலும் இரும்புக் குண்டு. கம்பியைச் சுழற்றி இழுத்தால் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். அந்த ‘டங்’ வரலாற்றுப் பீரியடில் நமக்குக் கேட்கும். அவளுக்கு அந்தக் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்க்க ஆசை. அப்பா விடமாட்டார். “வெரலு போயிரும், தள்ளி நில்லு” என்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊர் பெயரைச் சொன்னதில்லை, பேச்சில் தெரியும். எட்டாவதோடு அவளை நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேச்சிருந்தது. அவளுடைய அம்மா வீட்டிலேயே பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கொடுத்தார். உதவிக்கு ஆள் தேவைப்பட்டது.

தீபாவளி விடுமுறை முடிந்து இரண்டு பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் வயதானவர், மராட்டி பேசுபவர். இன்னொருவர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்க்காரர். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. அவர்தான் நம்மிடம் பேசினார். அடுத்த ஜூனிலிருந்து ஒரு பள்ளியில், ஒரே வகுப்புக்கு, சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தப் போகிறார்கள். அந்த வகுப்பு பத்தாவது முடிக்கும்வரை கூடவே வருவார்கள். பிள்ளைகளே யோசித்து, காகிதத்தில் போட்டு, ரம்பத்தால் அறுத்து, டிரில்லால் துளைத்து, பொருள் செய்யவேண்டும். சரியாக வராவிட்டால் உடைத்துத் திரும்பச் செய்யலாம். பெண்பிள்ளைகளும் கட்டாயம். எந்தப் பள்ளி என்று முடிவு செய்யுமுன், பிள்ளைகள் டெக்னாலஜி என்றால் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் நேராகப் பட்டறைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“எப்பா, ஸ்கூல்ல ரம்பம், டிரில்லு எல்லாம் சொல்லிக்குடுக்கப் போறாவளாம். பொம்பளப் பிள்ளைகளுக்கும்.”

“யாரு, ஒங்க வாத்தியாரா?”

“இல்ல. வெளிய இருந்து ரெண்டு மிஸ்சு வாராவ.”

“படம் போட்டுக் காட்டுவாவளா, கையில குடுப்பாவளா?”

“கையிலதாம்.”

அவர் கம்பியை இழுப்பதை நிறுத்தவில்லை. “கையில குடுத்தா ஒம்பதும் படி, பத்தும் படி. நான் வேணாங்கல. நோட்டுல கட்டம் போடுததுக்குன்னா பரிச்சையோட போதும். ஒங்கம்மைக்கு ஒத்தாச வேணும்.”

“நெசமாப்பா?”

“காலிபீலி சும்மா நிக்காத. வேல கெடக்கு.”

வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஏட்டி, நீதான் சாட்சி. பின்னால மாத்திப் பேசுனாவன்னா நீ வந்து சொல்லணும்.”

இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமை வகுப்பு நம் பள்ளிக்கு வந்தால் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வருவாள். வராவிட்டால் வரமாட்டாள்.

நம் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியாள் யார் வந்து என்ன கேட்டாலும் அது பரீட்சை. பரீட்சை என்றால் சரியான பதில் ஒன்று இருக்கும். அது முந்தின நாளே போர்டில் ஏறிவிடும். இன்ஸ்பெக்டர் வரும்போது அப்படி, போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் வந்து சுகாதாரம் பற்றிக் கேட்டபோதும் அப்படி. நாம் அதில் நன்றாகவே தேறியிருந்தோம். அந்த இரண்டு பெண்களும், இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை என்று காட்டத்தான், கேள்வித்தாளின் ஒரு பிரதியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அதை அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்தார். ஒரு வாரம் கணக்குப் பீரியடெல்லாம் அதற்குத்தான் போயிற்று.

முதல் கேள்வி: டெக்னாலஜி என்றதும் உன் மனதில் வருவதை வரை. அறிவியல் ஆசிரியர் போர்டில் கம்ப்யூட்டர் வரைந்தார். போர்டின் வலது ஓரத்தில் அன்றைய நற்சிந்தனைக்குக் கட்டம் போட்டிருந்ததால் அங்கே இடமில்லை. மவுஸை இடது பக்கம் வரைந்தார். நாமும் இடது பக்கம் வரைந்தோம்.

இரண்டாவது கேள்வியில் பொருள்களின் படங்கள். எவையெல்லாம் டெக்னாலஜியோ அவற்றுக்கு டிக் போடவேண்டும். ரயில், ஊசி, டெலிபோன், பானை, டிவி, கத்தரிக்கோல், சைக்கிள் என்று வரிசையாக இருந்தன. அதற்கு அவர் ஒரு விதி கண்டுபிடித்துச் சொன்னார்.

“குழப்பிக்காதீங்க. சுவிட்ச் இருக்கா, டிக். சுவிட்ச் இல்லையா, விட்டுடு.”

கடைசி பெஞ்சிலிருந்து, நம் வகுப்பில் எப்போதும் வாய் பேசுகிறவன் எழுந்தான். “சார், நம்ம கிளாஸ் ஃபேனுக்கு சுவிட்ச் இருக்கு. ஃபேன் ரெண்டு வருசமா பந்த், சுத்தவே இல்ல. டிக் போடலாமா சார்?”

“உக்காருடா.”

என் பெஞ்சுக்காரி கை தூக்கினாள். “எங்கப்பா பிரஸ்சுக்கு சுவிட்ச் இல்ல சார்.”

“அப்ப அது டெக்னாலஜி இல்லை.”

“அப்ப என்ன சார்?”

“அது பொழப்பு” என்றார்.

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், அறுபதடி ரோட்டில் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னாள்: “அந்த மிஸ்சு என்ன கேட்டிருக்காவ? ‘உன் மனசுல வர்றத’ன்னு. சார் மனசுல வர்றத நான் எதுக்கு வரையணும்?”

“சார் ஏசுவாரு.”

“கிளாஸ் குடுக்கப்போறது சாரா, மிஸ்சா?”

அவள் யோசனை அவ்வளவு நேரானது. அந்த வகுப்பு வேண்டும். கொடுக்கிறவர்கள் கேட்டதைக் கேட்டபடி செய்தால் கிடைக்கும்.

அந்த நாள் வந்தது. மாட்டுங்காக்காரர் தாள்களை விநியோகித்தார். “இதுக்கு மார்க் கிடையாது. ரைட்டும் கிடையாது, தப்பும் கிடையாது. நீங்க நினைக்கறதை போடுங்கோ, போதும்” என்றார். நாம் தலையாட்டினோம். பென்சில் சீவினோம். அரைமணி நேரம் வரைந்தோம். தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

மாட்டுங்காக்காரர் தாள்களை வாங்கி அங்கேயே நின்று புரட்டினார். நான் முதல் வரிசையில் இருந்ததால் முகம் தெரிந்தது. முதல் சில தாள்களில் புன்னகை. பிறகு புன்னகை போயிற்று. பிறகு வேகமாகப் புரட்ட ஆரம்பித்தார்.

“எல்லாரும் இடது கைக்காராளா?” என்றார்.

நமக்குப் புரியவில்லை. அறிவியல் ஆசிரியருக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டின் நடுவில் ஒரு தாளில் அவர் நின்றார். அதை உருவி எடுத்து, யாருடையது என்று கேட்டார். என் பெஞ்சுக்காரி எழுந்தாள்.

அதில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு குவியல். குவியலின் ஓரமெல்லாம் ஃப்ரில், நடுவில் தாமரை. பக்கத்தில் கதவு, கதவில் பூட்டு, கதவுக்கு வெளியே ஜோடி ஜோடியாகச் செருப்புகள்.

“இது என்னம்மா?”

“கம்ப்யூட்டர் மிஸ்.”

“எங்கே இருக்கு கம்ப்யூட்டர்?”

“கவருக்குள்ள இருக்கு மிஸ்.”

“உள்ளே எப்படி இருக்கும்?”

“தொறந்த அன்னைக்கும் பூஜைக்கும் கூட்டத்துல ஒண்ணும் தெரியல, மூலைய மட்டும்தான் பாத்திருக்கேன் மிஸ். மூலைய வச்சு முழுசையும் எப்படி வரைய?”

அவர் தாளைத் திருப்பினார். எல்லாப் படத்துக்கும் டிக் போட்டிருந்தது. “ஊசிக்கு ஏன் டிக்?”

“ஊசி இல்லாம அந்தக் கவரை எப்படி மிஸ் தைக்கிறது?”

அவர் சிரித்தார். வாய்விட்டு, நன்றாகச் சிரித்தார். மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்து, மராட்டியில் ஏதோ சொல்லி, இவள் தோளில் தட்டினார். அது சந்தோஷச் சிரிப்பு. ஒரு நாள் முழுக்கத் தேடிய பொருள் கிடைத்தால் மனிதர்கள் அப்படிச் சிரிப்பார்கள். ஆனால் வராந்தாவில் நின்றவருக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

“அந்த ரூமைப் பார்க்கலாமா சார்?” என்றார் மாட்டுங்காக்காரர்.

“சாவி கிளார்க்கிட்ட இருக்கு. இன்னைக்கு அவர் லீவு.”

கடைசி பெஞ்சு வாய் மறுபடியும் திறந்தது. “சார், உங்க பாக்கெட்ல இருக்கு சார்.” உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

திறந்தார்கள். நாம் கதவருகே குவிந்தோம். வந்தவர்கள் செருப்போடு உள்ளே போனதை நாம் எல்லோரும் கவனித்தோம். கவரைத் தூக்கினார்கள். செவ்வந்திச் சரம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. திரைக் கண்ணாடியில் மூன்று விரல் சந்தனம் காய்ந்து, வெடித்து, சேட்டினோடு ஒட்டி, தூக்கியபோது செதில் செதிலாக உதிர்ந்தது. கீபோர்டின் மேல் கம்பெனி போட்ட பாலித்தீன் பிரிக்கப்படாமல் இருந்தது. மூத்தவர் விரலால் ஒரு செதிலை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

மாட்டுங்காக்காரர் மெதுவாகத்தான் பேசினார். “சார், வோல்டேஜ்தான் பிரச்சனைன்னா ஒரு ஸ்டெபிலைசர் நாங்களே கொண்டுவந்து தர்றோம். அது பெரிய விஷயம் இல்லை.”

“எங்க ஸ்கூல்ல எல்லாம் இருக்கு” என்றார் தலைமையாசிரியர்.

அவர்கள் போனதும் அவளை வராந்தாவில் நிறுத்தினார். அடிக்கவில்லை. “பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிட்ட” என்று மட்டும் சொன்னார். கடைசி பீரியட் முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

ஜனவரியில் ஒரு நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார். “அந்தச் சனிக்கிழமை வகுப்பு வேறு பள்ளிக்குப் போய்விட்டது. ஏன் போனது என்று எட்டாம் வகுப்புக்குத் தெரியும்.” மைதானத்தில் வரிசையாக நின்ற நாம் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பினோம்.

அன்றைக்குத்தான் அந்தப் பெயர் பிறந்தது. கவர். பெஞ்சில் சாக்பீஸால் எழுதினார்கள். தண்ணீர்க் குழாயடியில் கூப்பிட்டார்கள். “ஏ கவர், உள்ள என்ன இருக்கு?” முதல் வாரம் அவள் விடவில்லை. “போங்கல, காப்பியடிச்ச பயலுவளா” என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டு டப்பா திறக்கும்போது என்னிடம் சொன்னாள்: “எங்கப்பாட்ட சொல்லிட்டேன். ஏசுவாவன்னு நெனச்சேன். ஏசல. ‘சரி’ன்னு மட்டும் சொன்னாவ.”

நான் சாட்சி. மாற்றிப் பேசினால் வந்து சொல்லவேண்டும் என்றாள். அவர் மாற்றிப் பேசவில்லை.

சில வருடங்களுக்கு முன் பத்திரிகை வேலையாகச் செம்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தேநீர் இடைவேளையில் ஒரு வயதான பெண்மணியைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். பேச்சிலிருந்து மாட்டுங்கா தெரிந்தது. நான் படித்தது எந்தப் பள்ளி என்று அவர் கேட்டார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

“கவர் போட்ட கம்ப்யூட்டர் வரைஞ்ச பொண்ணு ஒருத்தி இருந்தாளே, அந்த ஸ்கூலா?”

“ஆமாம்.”

“உங்க ஸ்கூலைத்தான் நாங்க முதல்ல எடுத்தோம். அவ இருக்கற க்ளாஸ்தான் வேணும்னு ரெண்டு பேரும் ஒரே பிடியா நின்னோம். மத்த பேப்பர் ஒண்ணும் யூஸ் இல்லை, எல்லாம் ஒரே கை. உங்க ஹெட்மாஸ்டர்தான் வேண்டாம்னுட்டார். சிலபஸ் முடியலையாம். நானே ரெண்டு தரம் நேர்ல வந்து கேட்டேன். அப்புறம் கோவண்டில ஒரு ஸ்கூலுக்குப் போயிட்டோம்.”

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக்கூடாது என்பது தொழிலில் கற்றது. அறிவியல் ஆசிரியர் ஓய்வுபெற்று ஆண்டாப் ஹில்லில் இருந்தார். போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கிவரச் சொன்னார்.

“அவங்க வேண்டாம்னு சொன்னாங்களா, நம்ம சார் வேண்டாம்னு சொன்னாரா?”

அவர் மழுப்பவில்லை. “நம்ம சார்தான். பயந்துட்டார். அவங்க வாரா வாரம் வந்தா ரூமைத் திறக்கணும். கம்ப்யூட்டர் கொடுத்த டோனர் காதுக்குப் போயிடும், நீங்க அதைப் போடவே இல்லையாமேன்னு கேட்பார்னு.”

“அப்ப கூட்டத்துல அவளைச் சொன்னாரே?”

“யாரையாவது சொல்லணும்ல.”

“நீங்க ஏன் சார் வாயத் திறக்கல?”

“நான் அப்ப டெம்ப்ரவரிம்மா. பர்மனென்ட் ஆர்டர் அவர் கையெழுத்துல இருந்தது.” சாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “படம் நல்லாத்தான் வரைஞ்சிருந்தா. அந்த ஃப்ரில்லெல்லாம் அப்படியே இருந்தது” என்றார்.

ஒரு பொருள் கெட்டுவிடக்கூடாது என்று பயந்த ஒருவர். வேலை போய்விடக்கூடாது என்று பயந்த இன்னொருவர். கேட்டதற்கு உள்ளதைப் போட்ட ஒரே பிள்ளையின் தலையில் அதை இறக்கிவைத்துவிட்டு இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். மலரில் இதைப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ‘முன்னோடி’யை எடுத்துவிடுங்கள். சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூன்று பேர் ‘கவர்’ என்று எழுதிச் சிரிக்கும் முகம் போட்டிருந்தீர்கள். அதையும் எடுத்துவிடுங்கள்.

வருகைப் பதிவேட்டில் பெண்பிள்ளைகளின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். அவள் பெயருக்கு அடுத்தது என் பெயர். எட்டாம் வகுப்பில் என் ரோல் நம்பர் பதினெட்டு. ஒன்பதாம் வகுப்பில் பதினேழு.